ஆறாம் நம்பர் ராடு

திருகாணி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதை ஒருமுறை பார்த்தவர்கள், அப்புறம் அவளோடு சேர்ந்து ரயில் பிடிக்கச் சம்மதிக்க மாட்டார்கள். முதலில் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு சிலிண்டர், ஜன்னல் கொக்கி, பின்கதவுத் தாழ்ப்பாள். வாசல் பூட்டை மூன்று முறை இழுப்பாள். தெருமுனை வரை போவாள், ஏதோ கூப்பிட்ட மாதிரி நிற்பாள், திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பாள். அதுவரை அவள் கணவர் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்பார். மனிதர் பல் செட் செய்கிறவர். அடுத்தவர் வாய்க்குள் அரை மில்லிமீட்டர் பிசகாமல் பல் பொருத்தப் பொறுமை பழகியவர், ஆகையால் இதையும் தாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார்.

"நாலு."

"பரவால்ல. நேத்து அஞ்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தம்பி சாப்பிட வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து மூவரும் வெளியே கிளம்பியபோதுதான் இந்தக் கூத்தை அவன் முழுதாகப் பார்த்தான். "என்னக்கா இது, பூட்டைப் பிடுங்கிக் கையில எடுத்துட்டு வந்துடுவ போல" என்று சிரித்தான். அதற்குக் கணவர் சொன்னார்: "எல்லாம் அந்த ஆறாம் நம்பர் பண்ண வேலை மாப்ள. இருபத்திரண்டு வருஷமா எதை மூடினாலும் இவளுக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது. தன் கை மேலயே இவளுக்குச் சந்தேகம்."

தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அன்றைக்கு அவன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெகுநேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். அதை அவன் பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

ஆறாம் நம்பர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் திருகாணி யாரென்று சொல்ல வேண்டும்.

அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ஆள் நாலே முக்கால் அடி. சொன்ன இடத்தில் இறுகி உட்கார்ந்தால் அசைக்க முடியாது. அவளுடைய அப்பா வைத்த பெயர்தான் திருகாணி. அப்பா ஒரு கார் பட்டறை வைத்திருந்தார். தகரக் கூரை, காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க இரண்டு பள்ளம், சுவரில் ஸ்பேனர்கள் தொங்கும் பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் நிழல் மாதிரி கறுப்பு பெயிண்டில் ஒரு படம் வரைந்திருப்பார். எது காணாமல் போனாலும் அந்தப் படம் வெறுமனே நின்று காட்டிக்கொடுத்துவிடும். மற்ற பெண்கள் கல்லூரி விட்டு சினிமாவுக்குப் போன வயதில், இவள் கல்லூரி விட்டு வந்து கார்புரேட்டர் கழுவினாள். மற்றவர்கள் கை நுழையாத சந்தில் இவள் கை நுழையும். அப்பா அதைக் கண்டுகொண்டார். கொஞ்ச காலத்தில் பட்டறைக்கு வரும் இன்ஜின்களை எல்லாம் அவள்தான் மூடினாள். மூடுவது என்றால் பிரித்த இன்ஜினை ஒவ்வொரு பாகமாகத் திரும்பச் சேர்த்து இறுக்குவது. பிரிக்க யாரால்தான் முடியாது? மூடுவதில்தான் இருக்கிறது விஷயம்.

தம்பி ஐந்து வயது இளையவன். அவனுக்கு மூடவும் தெரியாது, பிரிக்கவும் பொறுமை கிடையாது. ஆனால் ஓட்டுவான். அப்படி ஓட்டுவான்! ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால் மைல் பந்தயம் நடக்கும். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு பச்சையாகும், நேர்கோட்டில் கால் மைல் பறக்க வேண்டும். திருப்பம் கிடையாது, பிரேக்குக்கு வேலை கடைசியில்தான். மொத்தம் பன்னிரண்டு விநாடி. அந்தப் பன்னிரண்டு விநாடிக்காக அக்காவும் தம்பியும் அப்பாவும் மூன்று மாதம் உயிரை விடுவார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அம்மா சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே எல்லோருக்கும் ரொட்டியும் பிளாஸ்கில் டீயும் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்காருவாள்.

அவர்களுடைய காருக்கு மஞ்சக்காரி என்று பெயர். எட்டு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அந்தப் பிஸ்டனை அடியில் சுழலும் கிராங்கோடு பிணைப்பது ஒரு கனத்த இரும்புத் தண்டு. பட்டறையில் அதற்கு ராடு என்று பெயர். ராடின் அடிப்பாகம் கிராங்கைக் கட்டிப் பிடித்திருக்கும், அந்தப் பிடியை இரண்டு போல்ட்டுகள் இறுக்கியிருக்கும். எட்டு ராடு, பதினாறு போல்ட். அதில் ஒன்று தளர்ந்தாலும் ராடு கழன்று இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதற்குத் திருகாணி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். டார்க் ரெஞ்சை வைத்து இறுக்குவாள். வேண்டிய அளவு வந்ததும் ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். உடனே தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, போல்ட்டின் தலையில் தொடங்கி ராடின் மேல் முடியும்படி ஒரே கோடாக இழுப்பாள். போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு ஒடிந்து காட்டிவிடும். ஒரு ராடின் இரண்டு போல்ட்டிலும் கோடு இழுத்த பிறகு அந்த ராடின் நம்பரை வாய்விட்டுச் சொல்லுவாள். "ஒண்ணு." "ரெண்டு." நகத்தில் அவள் பூச்சுப் போட்டு யாரும் பார்த்ததில்லை. "எம் பொண்ணு இன்ஜினுக்குத்தான் அலங்காரம் பண்ணுவா" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். ஐயோ, அந்த நாட்கள்! டயர் தீயும் வாசனை, அப்பாவின் விசில், தோற்றுப்போனாலும் அம்மா நீட்டும் டீ.

அந்தக் கடைசி இன்ஜினை மூடியபோது அவளுக்கு முப்பத்திநாலு வயது. கல்யாணமாகிப் பத்து வருடம். வெள்ளிக்கிழமை முற்பகலில் ஆறாவது ராடில் இருந்தபோது பட்டறை மேஜையில் போன் அடித்தது. கணவர்தான். "பீரோ சாவி எங்க வெச்ச?" என்று கேட்டார். தலையணைக்கு அடியில் என்றாள். இல்லை என்றார். அலமாரியின் மேல் தட்டு என்றாள். அங்கேயும் இல்லை. ஐந்து நிமிடம் சண்டை போட்டுவிட்டு, சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது தெரிந்ததும் போனை வைத்துவிட்டு வந்து, "ஏழு" என்று தொடர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்காரி பாதி தூரம் தாண்டியதும் இன்ஜின் ஒரு கணம் வீறிட்டது. பிறகு வெடித்தது. வெள்ளைப் புகை, தரையெல்லாம் ஆயில், ஆயிலில் வழுக்கிக்கொண்டே போய் நின்ற கார். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது திருகாணி. குனிந்து பார்த்தாள். இன்ஜினின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. சரியாக ஆறாவது சிலிண்டரின் இடம்.

வெள்ளிக்கிழமை கண்முன் வந்தது. போன், பீரோ சாவி, 'ஏழு'. ஆறு என்று சொன்னேனா? கோடு இழுத்தேனா? இறுக்கினேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தம்பி இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அப்பா வந்து, "என்னாச்சு?" என்றார்.

"நான்தாம்ப்பா" என்றாள். "ஆறாவதை இறுக்கினேனா இல்லையான்னு ஞாபகமில்லப்பா. இடையில போன் வந்துச்சு. நான்தான்."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். "விடும்மா. கை தவறாதவங்க யாரு? புள்ள பொழச்சான், அது போதும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைத் தின்றது. தம்பி பிழைத்தான் என்றால், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றுதானே பொருள்? அதற்குப் பிறகு அவள் ரெஞ்சைத் தொடவே இல்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அவள் ஒரு ஹார்டுவேர் கடைக் கவுண்டரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆணியும் குழாயும் விற்றாள். திருகாணி திருகாணி விற்கிறாள் என்று ஊரே கேலி செய்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வெடித்த இன்ஜினை யாரும் பிரிக்கவில்லை. தம்பி அதைக் காரிலிருந்து இறக்கி, பட்டறையின் பின்மூலையில் வைத்துத் தார்ப்பாயால் மூடினான். காரையும் விற்காமல் அங்கேயே நிறுத்திவைத்தான். பிரித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், "எதுக்கு? அக்கா மனசு கஷ்டப்படும்" என்பான். என்ன பெருந்தன்மை, என்ன பாசம் என்று எல்லோரும் அவனைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவளுக்கும் அது மூடியிருப்பதே நல்லது என்று பட்டது. மூடியிருக்கும்வரை, ஒருவேளை இறுக்கியிருப்பேனோ என்று ஒரு சின்ன இடம் மிச்சமிருந்தது. திறந்து பார்த்து அங்கே கோடு இல்லையென்றால் அந்த இடமும் போய்விடும். அம்மா போனாள். ஒன்பது வருடம் முன்பு அப்பாவும் போனார். பட்டறை தம்பிக்கு வந்தது. தார்ப்பாய் மட்டும் அப்படியே கிடந்தது.

அவள் பூட்டை இழுப்பதைப் பார்த்துச் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, மஞ்சக்காரி இன்ஜினைப் பிரிக்கலாம்."

"உனக்கென்ன பித்துப் பிடிச்சிருக்கா?"

"நீதான் பிரிக்கணும். நான் கூட நிக்கிறேன். வாக்கா."

"முடியாதுடா."

"எனக்காக வா" என்றான். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் பேசும் குரல் அது. சனிக்கிழமை காலையில் போனாள். பூட்டை ஐந்து முறை இழுத்துவிட்டுத்தான் போனாள்.

தார்ப்பாயை இழுத்ததும் இரண்டு பல்லி முட்டைகள் உருண்டன. இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றியிருந்தான் தம்பி. ஓட்டை இன்னும் அதே இடத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றியதும், என்ன ஆச்சரியம், தயக்கம் போய்விட்டது. எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசியில் என்று விரல்களே போய்க்கொண்டிருந்தன. கழற்றியதைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற நாளில் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான்.

சிலிண்டர்களை மேலே மூடியிருந்த இரண்டு பக்கத்து ஹெட்டுகளையும் தூக்கியெடுத்ததும் பிஸ்டன்களின் தலை தெரிந்தது. அவள் விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் நகத்தால் கீறியது போல அரைவட்டக் காயம். ஹெட்டில் திறந்து மூடும் வால்வு இறங்கி மோதிய தழும்பு. ஒன்றில் இரண்டில் அல்ல, எட்டிலும்.

"இது எப்படிடா?" என்றாள். "ஆறாவது கழண்டா ஆறுலதானே அடி இருக்கணும்? எட்டுலயும் எப்படி?"

தம்பி தட்டிலிருந்த போல்ட்டுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினான்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது, ஆனால் அதன் பக்கம் போகப் பயந்தாள். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்த ஆயில் தட்டைக் கழற்றினாள். கெட்டித்துப்போன கறுப்பு ஆயிலுக்கு நடுவே கிராங்க் தெரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை ராடுகள் வரிசையாக நின்றன. ஆறாவது நடுவில் முறிந்திருந்தது. மேல்பாதி பிஸ்டனோடு மேலேயே சிக்கியிருந்தது. அடிப்பாதி கிராங்கை விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு போல்ட்டும் அழுக்கு மூடி இடத்திலேயே இருந்தன.

துடைக்கத் துணியை எடுத்தாள். தம்பி தின்னர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தான். படீரென்று அவன் கையில் அடித்தாள்.

"அறிவிருக்கா? தின்னர் பட்டா பூச்சு கரைஞ்சுடும்டா! மண்ணெண்ணெய் எடு!"

அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு மூடிவிட்டு மண்ணெண்ணெயை எடுத்துக்கொடுத்தான். குழந்தைக்கு முகம் துடைப்பது போல அவள் மெள்ளத் துடைத்தாள். கறுப்பு போயிற்று. பழுப்பு வந்தது. பழுப்புக்கு அடியில், மங்கிப்போன, ஆனால் ஒடியாத ஒரு சிவப்புக் கோடு போல்ட்டின் தலையிலிருந்து ராடின் மேல் நேராகப் போயிற்று. இரண்டாவது போல்ட்டிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. சுவரிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்துவரச் சொன்னாள். அளவை வைத்து போல்ட்டின் மேல் பொருத்தி மெல்ல இழுத்தாள். போல்ட் இம்மியும் அசையவில்லை. 'டக்' என்றது ரெஞ்சு. அடுத்ததும் 'டக்'.

"இறுக்கியிருக்கேன்டா" என்றாள். "நான் இறுக்கியிருக்கேன்!"

அழுதாள். பட்டறைத் தரையில் உட்கார்ந்து, ஆயில் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் தலை தெளிந்தது. தலை தெளிந்ததும் அந்த எட்டுத் தழும்புகள் கண்முன் வந்தன. இன்ஜின் தாங்காத வேகத்தில் சுற்றினால்தான் வால்வுகள் பிஸ்டனில் மோதும். வெடிப்பதற்கு முன்னால் கேட்ட அந்த வீறிடல் இருபத்திரண்டு வருடம் கழித்து அவள் காதில் சரியான அர்த்தத்தோடு விழுந்தது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"எந்த கியரைப் போட்ட?"

அவன் அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தான். ஐம்பத்தோரு வயது மனிதன், நரைத்த மீசை.

"மூணுலேர்ந்து நாலுக்கு இழுத்தேன். கை இடப்பக்கம் போயி ரெண்டுல விழுந்துடுச்சுக்கா. அந்த வேகத்துல ரெண்டைப் போட்டா எந்த இன்ஜின் தாங்கும்?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அப்பவே. கையிலயே தெரிஞ்சுது."

"அடப்பாவி" என்றாள். சத்தமாகக்கூட வரவில்லை. "இருபத்திரண்டு வருஷமாடா!"

"சொல்லத்தான்க்கா இருந்தேன். ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள நீ வந்து 'நான்தான்'னுட்ட. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒரு நாள் தள்ளினேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமாப் போச்சு. அப்புறம் அது பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே போச்சு."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா! அவர் போறப்பக்கூட நான் மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரேடா!"

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, 'அக்காவை யாரும் குத்திக்காட்டாம பாத்துக்க'ன்னார். நான் சரிப்பான்னேன்." அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "அன்னிக்கு உன் வீட்டுப் பூட்டைப் பாத்தப்புறம் எனக்குச் சோறு இறங்கலக்கா. வாயால சொல்ல வரல. இன்ஜினே சொல்லட்டும்னுதான் கூப்பிட்டேன். இப்பத் தின்னரை எடுத்தேன் பாரு, அது பழக்கத்துல எடுக்கல. அந்த ஒரு நிமிஷம் புத்தி கெட்ட வழியில போச்சு, கோட்டைக் கரைச்சுடலாம்னு. நீ அடிச்சதுதான் நல்லதாப் போச்சு."

அவள் எழுந்தாள். முறிந்த ராடின் அடிப்பாதியைக் கழற்றி, போல்ட்டுகளைத் திரும்பப் போட்டு, பழைய துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் அதைச் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். கணவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாமே பல்தான்.

"வேர் அப்படியே உறுதியா இருக்கு. மேலதான் உடைஞ்சிருக்கு" என்றார். "இதுல பொருத்தினவங்க மேல தப்பே இல்ல. கடிச்சவன் மேலதான் தப்பு." பிறகு மெதுவான குரலில், "என் போனாலதான் இப்படி ஆச்சுன்னு நானும் இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்கிட்ட சொன்னதில்ல" என்றார். அன்றைக்கு அவரும் கொஞ்சம் அழுதார்.

உண்மை தெரிந்துவிட்டால் கை உடனே திருந்திவிடுமா என்ன? அந்த வாரமும் பூட்டை நாலு முறை இழுத்தாள். தம்பியின் போனை எடுக்கவில்லை. அவன் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்றிருந்தாள். அப்படித்தானே இருக்கும்! யாருக்குத்தான் இருக்காது?

பதினோராம் நாள், ஹார்டுவேர் கடையில் நல்ல கூட்டம். தம்பி உள்ளே வந்தான். கவுண்டருக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி உரக்கச் சொன்னான்: "எல்லாரும் கேட்டுக்குங்க. மஞ்சக்காரி இன்ஜின் வெடிச்சதுக்கு எங்கக்கா காரணமில்ல. அவ சரியாத்தான் இறுக்கியிருந்தா. நான்தான் கியரை மாத்திப் போட்டேன். இத்தனை வருஷமா சொல்லாம இருந்துட்டேன்."

குழாய்க்கு 'எல்போ' வாங்க வந்தவர் ஒருவர் ஒன்றும் புரியாமல், "சரிங்க" என்றார். கடை முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். திருகாணிக்கு மானம் போனது ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். பழைய பந்தயக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவன் இதே போலப் போய் இதையே ஒப்பித்துவிட்டு வந்திருந்தான் என்பது அப்புறம் தெரிந்தது.

"போதும்டா, மானத்தை வாங்காத" என்றாள். "ஓட்டையில்லாத இன்ஜின் பிளாக் ஒண்ணு தேடி வை. கழுவி வை. சனிக்கிழமை வர்றேன்."

"அக்கா..."

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. அது தனி. இன்ஜின் தனி."

சனிக்கிழமை சனிக்கிழமையாக வேலை நடந்தது. பழையதில் மிஞ்சியது கிராங்கும் ஹெட்டுகளும்தான். கிராங்கில் விரிசல் ஏதும் இருக்கிறதா என்று லேத் பட்டறையில் சோதித்துத் தேய்த்து வாங்கினார்கள். வளைந்த வால்வுகளை எல்லாம் மாற்றினார்கள். புது பிஸ்டன், புது ராடு. தம்பி சொன்ன வேலையைச் செய்தான், சொல்லாத வேலையையும் செய்தான். மூன்றாவது சனிக்கிழமை அவள் அவனைத் திட்டிக்கொண்டே பழைய கதை ஒன்றைச் சொன்னாள். அம்மாவின் டீ பிளாஸ்க் முன் சீட்டில் கவிழ்ந்து, அப்பா ஈர வேட்டியோடு பரிசு வாங்கப் போன கதை. சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அவளுக்குத் தான் கோபமாக இருந்தது ஞாபகம் வந்தது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள். சுவர்ப் பலகையில் அப்பா வரைந்த ஸ்பேனர் படங்கள் மங்கிப்போயிருந்தன. ஒரு மத்தியானம் தம்பி அவற்றின் மேலேயே திரும்பக் கறுப்புப் பூசினான், அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராடுகளை இறுக்கும் நாள் வந்தது. புது நகப்பூச்சு ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதே சிவப்பு கிடைக்கவில்லை, கொஞ்சம் அடர்த்தியானதுதான் கிடைத்தது. 'டக்.' கோடு. 'டக்.' கோடு. "ஒண்ணு." 'டக்.' கோடு. 'டக்.' கோடு. "ரெண்டு." ஐந்து முடிந்து ஆறாவதில் ரெஞ்சை வைத்தபோது, சொல்லிவைத்த மாதிரி அவள் கைப்பையில் போன் அடித்தது. தம்பி விறைத்துப்போனான். அவளும்தான்.

"எடுத்துக் கேளு" என்றாள், ரெஞ்சிலிருந்து கையை எடுக்காமல்.

தம்பி ஸ்பீக்கரில் போட்டான். கணவர் பேசினார். "மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு வரட்டுமா?"

"ஆறாவதுல இருக்கேன்" என்றாள்.

மறுமுனையில் போனே கட்டாகிவிட்டது. அவள் இழுத்தாள். 'டக்.' கோடு இழுத்தாள். அடுத்த போல்ட், 'டக்', கோடு. "ஆறு" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் எதற்குத் திரும்பினான் என்று அவள் கேட்கவில்லை.

ஓடுதளத்தில் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்களுக்குப் பந்தயம் நடத்துகிறார்கள். அன்று விடியற்காலையிலேயே தம்பி, புது இன்ஜின் பொருத்திய மஞ்சக்காரியோடு வாசலுக்கு வந்து ஹார்ன் அடித்தான். எட்டு சிலிண்டரின் உறுமலில் தெருவே எழுந்து ஜன்னலுக்கு வந்தது. "வர்றேன்டா, ஊரைக் கூட்டாத!" என்று கத்திக்கொண்டே, டூல் பை ஒரு கையிலும் பிளாஸ்க் ஒரு கையிலுமாக ஓடினாள். கணவர் குடையோடு பின்னால் ஓடினார்.

விளக்குக்கு முன்னால் கார் நின்றபோது அவள் ஜன்னலில் குனிந்தாள்.

"நாலு எங்கடா இருக்கு?"

"கீழ, வலப்பக்கம்."

"ரெண்டு?"

"கீழ, இடப்பக்கம்."

"இப்ப மட்டும் வக்கணையாச் சொல்லு" என்று ஹெல்மெட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கினாள்.

பச்சை விழுந்தது. மஞ்சக்காரி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறும் சத்தத்தை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். மூன்று நீண்டது. பிறகு சத்தம் ஒரு படி இறங்கி, தணிந்து, சீராக ஓடியது. நாலு. சரியான நாலு. பக்கத்துக் கார் ஒரு முழுக் கார் நீளம் முந்திக்கொண்டு போனது. தோற்றுத்தான் போனார்கள். அவள் அப்பாவைப் போலவே விரலை மடித்து வாயில் வைத்து விசிலடித்தாள்.

தம்பி காரை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். மூவரும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாத அந்த இன்ஜினைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். வெயில் ஏறியது. கணவர் குடையை விரித்து அவளுக்கும் பிடித்தார். பழக்கதோஷத்தில் கேட்டார்:

"காலையில எத்தனை?"

வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். காலையில் ஹார்ன் அடித்தது நினைவிருந்தது, பிளாஸ்க்கை எடுத்தது நினைவிருந்தது. பூட்டினாளா? பூட்டியிருப்பாள். இழுத்துப் பார்த்தாளா? எத்தனை முறை? அடுப்பைத் தொட்டாளா? அந்தப் பழைய பதைப்பு இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தும் அது வரவில்லை. தம்பி கோப்பையைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாபகமில்லையே" என்றாள் திருகாணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், கையிலிருந்த டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள்.